இறந்துபட்டதென எண்ணிய மீன்

தென்னாப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரையில் ஈஸ்ட் லண்டன் என்னும் துறைமுகப் பட்டினம் ஒன்று உண்டு. பெயரைக் கண்டு அதனை இங்கிலாந்தின் தலைநகரோடு மயங்க வேண்டா. 1930-களில் அஃது ஒரு சிறிய பட்டினம். அங்கிருந்த பொருட்காட்சிசாலையும் சிறியதே. 1931-ஆம் ஆண்டில் அச்சாலையின் பொறுப்பை ஏற்ற பெண்மணிக்கு வயது 24. மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் என்பது அவர் பெயர். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் அவரிடம் இல்லை. செவிலியர் தொழிலுக்குச் செல்லவிருந்தவர், பறவைகளிடத்தும் செடிகொடிகளிடத்தும் இளமை முதல் கொண்டிருந்த பற்றினால் இப்பணிக்கு வந்து சேர்ந்தார். வந்தவர் வாளா இருக்கவில்லை. துறைமுகத்து மீன்பிடிக் கப்பல்காரர்களோடு நட்புப் பூண்டு, வலையில் விந்தையானது எது விழுந்தாலும் தமக்குச் சொல்லி அனுப்புமாறு வேண்டிக்கொண்டார். இந்த வேண்டுகோள் இல்லையேல், நாம் ஈண்டு எழுதப் புகும் வரலாறே இல்லை.

1938 டிசம்பர் 22. கிறிஸ்துமஸுக்கு இன்னும் மூன்று நாள். ‘நெரீன்’ என்னும் இழுவலைக் கப்பல் துறைமுகம் வந்து சேர்ந்ததென்று தொலைபேசியில் செய்தி வந்தது. அப்போது லாட்டிமர் பழங்காலத்து ஊர்வனவொன்றின் எலும்புகளைக் கோத்து நிறுத்தும் வேலையில் ஆழ்ந்திருந்தார். போகாமல் விட்டுவிடலாமா என்றும் ஒரு கணம் எண்ணினார். பண்டிகை நாளில் கப்பல் தொழிலாளர்க்கு வாழ்த்துச் சொல்லாமல் இருப்பது முறையன்று என்று, உதவியாளரை அழைத்துக்கொண்டு வாடகை வண்டியில் புறப்பட்டார். கப்பல் தலைவர் ஹெண்ட்ரிக் கூசென், சலும்னா ஆற்று முகத்துக்கு அப்பால், ஏறத்தாழ 40 பாகம் ஆழத்தில் வலையிழுத்திருந்தார். தளத்தில் சுறாக்களும் பிற மீன்களும் குவிந்து கிடந்தன. அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து நீலநிறத் துடுப்பு ஒன்று வெளியே தெரிந்தது.

மேலே கிடந்தவற்றை விலக்கிப் பார்த்தார். ஐந்தடி நீளம், 127 இராத்தல் எடை, ஊதா கலந்த நீல உடலில் வெண்புள்ளிகள், கவசம்போல் தடித்த செதில்கள். துடுப்புகளோ பிற மீன்களுக்கு உள்ளவை போல உடலோடு ஒட்டியிருக்கவில்லை. சதைப்பற்றுள்ள தண்டின் நுனியில், கைகால் முளைத்தாற்போல் அமைந்திருந்தன. வாலின் நடுவில் மற்றொரு சிறு வால். இத்தகைய மீனை அவர் அதுவரை கண்டதில்லை. கப்பல் தலைவரும் கண்டதில்லை. நாறும் மீனை வண்டியில் ஏற்ற முடியாதென்று ஓட்டுநர் மறுத்தார். அவரோடு வாதாடி மீனை ஏற்றிக்கொண்டு பொருட்காட்சிசாலைக்கு வந்தார் லாட்டிமர்.

அடுத்து நேர்ந்தவை வருந்தத்தக்கவை. டிசம்பர் மாதம் அந்நாட்டில் கடுங்கோடை. ஐந்தடி மீனை இட்டுவைக்க ஓர் இடம் வேண்டும். பிணவறைக்குக் கேட்டார், மறுத்துவிட்டனர். குளிர்பதனக் கிடங்குக்குக் கேட்டார், அவர்களும் மறுத்தனர். காட்சிசாலைக் குழுவின் தலைவரோ, அது பாறைமீன் வகையைச் சேர்ந்த வெறும் ‘காட்’ மீன் என்று சொல்லித் தள்ளிவிட்டார். லாட்டிமர் தளரவில்லை. விலங்குத் தோலைப் பாடம் செய்யும் தொழிலறிந்த ஒருவரிடம் மீனைக் கொண்டு சென்று, செய்தித்தாள்களையும் படுக்கைத் துணியையும் ஃபார்மலினில் நனைத்து அதைச் சுற்றிவைத்தார். மறுநாளே மீனின் உருவத்தைக் கையால் வரைந்து, குறிப்புகளுடன் ஒரு கடிதம் எழுதினார். கடிதம் யாருக்கு? கிரஹாம்ஸ்டவுன் நகரத்து ரோட்ஸ் பல்கலைக்கழகக் கல்லூரியில் வேதியியல் கற்பித்துக்கொண்டிருந்த ஜே. எல். பி. ஸ்மித்துக்கு. வேதியியல் அவருக்குப் பிழைப்பு. மீன் ஆராய்ச்சியே அவருக்கு உயிர்.

ஸ்மித் விடுமுறைக்காக நைஸ்னா என்னும் ஊருக்குச் சென்றிருந்தார். கடிதம் அவரைத் தேடிச் சென்று சேர்ந்தபோது 1939 ஜனவரி 3 ஆகிவிட்டது. இதற்கிடையில் மீனிலிருந்து எண்ணெய் கசிந்தது, ஃபார்மலின் உட்செல்லவில்லை, அழுகல் தொடங்கியது. வேறு வழியின்றி, தோலை உரித்துப் பாடம் செய்யும் ஏற்பாடு நடந்தது. எலும்புக்கூட்டையும் செவுள்களையும் எப்பாடு பட்டேனும் காக்குமாறு ஸ்மித் தந்தி அடித்தார். தந்தி வந்த நாளில் குடலும் செவுளும் பிற உள்ளுறுப்புகளும் குப்பைக்குப் போயிருந்தன, தேடியும் கிடைக்கவில்லை. எடுத்த ஒளிப்படங்களும் பழுதாகிப் போயின. எஞ்சியவை தோலும் மண்டையோடும் சில எலும்புகளும் ஒரு கைப்படமுமே.

அந்தக் கைப்படத்தைக் கண்ட ஸ்மித் ஏன் அத்துணை பதறினார் என்பதை விளங்கிக்கொள்ள, நூறாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும். பாறை அடுக்குகளிடையே கல்லாகிக் கிடக்கும் மீன்களை ஆராய்ந்து வகைப்படுத்தியவருள் தலையாயவர் சுவிட்சர்லாந்து நாட்டு லூயி அகாசி. 1830-களில் அவர் ஒரு தொல்மீன் வகைக்குச் ‘சீலகாந்த்’ என்ற பொருள்பட ஒரு பெயர் சூட்டினார். ‘உள்ளீடற்ற முள்ளுடையது’ என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். வால் துடுப்பைத் தாங்கும் முட்கள் மூங்கில் போல் உள்ளே வெறுமையாய் இருந்தமையால் அப்பெயர். அவருக்குப் பின்வந்தோர் அவ்வகையின் பல இனங்களைப் பல நாட்டுப் பாறைகளிலிருந்து தோண்டி எடுத்தனர். அவற்றுள் மூத்தவை ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. ஆயின் 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், மாபெரும் ஊர்வனவாகிய டைனோசர்கள் மறைந்த காலத்துக்குப் பிந்திய பாறைகளில் இம்மீனின் தடயம் எங்கும் தென்படவில்லை. ஆகவே அந்தக் குலம் முழுவதும் அக்காலத்திலேயே இறந்துபட்டது என்று நூல்கள் எழுதின; மாணவர்கள் படித்தனர்.

இம்முடிவு எவ்வகை அளவையால் பெறப்பட்டது என்பதைச் சிறிது ஆராய்தல் நன்று. ‘தேடினோம், காணவில்லை, ஆகவே இல்லை’ என்பதே அது. காணாமைக்குக் காரணம் இல்லாமை ஒன்றுதானா? ஓர் உயிர் கல்லில் பதிய வேண்டுமாயின், அது சாகுமிடத்தில் வண்டல் படிய வேண்டும். அவ்வண்டல் பாறையாக வேண்டும். அப்பாறை பின்னொரு காலத்தில் மனிதர் கைக்கு எட்டும் நிலத்துக்கு வர வேண்டும். ஆற்றிலும் ஆழமில்லாக் கடலிலும் வாழ்ந்த பழைய சீலகாந்துகள் பதிந்தன. எரிமலைத் தீவுகளின் செங்குத்தான சரிவில், நூற்றுக்கணக்கான அடி ஆழத்துக் குகைகளில் வாழ்பவை எப்படிப் பதியும்? பதிந்தாலும் யார் அங்குச் சென்று தோண்டுவது? இக்கேள்விகள் 1938-க்குப் பிறகே எழுந்தன. முன்பே எழுந்திருக்கக் கூடாதா என்று நாம் இன்று கேட்கலாம்; எளிதுதான்.

ஸ்மித் 1939 பிப்ரவரி 16-ஆம் நாள் ஈஸ்ட் லண்டனுக்கு வந்து மீனை நேரிற் கண்டார். அதுவரை பல வாரங்கள் அவர் பட்ட மனப்போராட்டத்தை அவரே பின்னர் எழுதியிருக்கிறார். ஓர் ஊரகக் கல்லூரியின் வேதியியல் ஆசிரியர், ஐரோப்பியப் பேரறிஞர்களை நோக்கி ‘நீங்கள் இறந்ததென்ற மீன் இதோ’ என்று சொல்ல வேண்டும். தவறினால் வாழ்நாள் முழுவதும் நகைப்புக்கு இடமாக வேண்டும். மீனைக் கண்ட மாத்திரத்தில் ஐயம் நீங்கிற்று. மார்ச்சு மாதம் இலண்டன் ‘நேச்சர்’ இதழில் செய்தி வெளியாயிற்று. கண்டெடுத்த பெண்மணியையும் கண்டெடுத்த இடத்தையும் இணைத்து, ‘லாட்டிமேரியா சலும்னே’ என்று ஸ்மித் மீனுக்குப் பெயரிட்டார். பட்டமில்லாத ஒருவரின் பெயர் விலங்கியலில் நிலைபெற்றது. ஸ்மித்தின் குறைகள் சில உண்டு. பிறருக்குரிய பெருமையை மறைத்தார் என்ற குறையை மட்டும் இவ்விடத்தில் அவர்மேல் சுமத்த முடியாது.

உடனே ஒரு வழக்கு எழுந்தது. இலண்டனிலிருந்த தொல்மீன் ஆய்வாளர் எரால் ஒயிட், இம்மீன் ஆழ்கடலின் இருட்டில் ஒளிந்து வாழ்வதாகவும் வழிதவறி மேலே வந்ததாகவும் எழுதினார். நேர்த்தியான விளக்கந்தான். ஸ்மித் அதை ஏற்கவில்லை. பேராழத்து மீன்கள் மெல்லுடலும் தளர்ந்த தசையும் உடையவை. இதுவோ தடித்த செதிலும் முரட்டு உடலும் வலிய தாடையும் கொண்டது. இது பாறைகளிடையே பதுங்கியிருந்து இரையைக் கவ்வும் மீன் என்று அவர் உடலமைப்பைக் கொண்டே உய்த்துணர்ந்தார். மேலும், ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையோரமாக வடக்கிலிருந்து தெற்கே ஓடும் நீரோட்டத்தை எண்ணிப்பார்த்து, இதன் தாயகம் வடக்கே, மொசாம்பிக் கடற்காலை ஒட்டியதோர் இடமாக இருக்க வேண்டும் என்றும் கருதினார். மீனின் செதிலைக் கண்டு அதன் ஊரைச் சொன்னது போன்ற இவ்வூகம் பெரும்பகுதி உண்மையாயிற்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஆனால் முழு உடலும் உள்ளுறுப்பும் கொண்ட இரண்டாவது மீன் வேண்டுமே! இரண்டாம் உலகப் போர் மூண்டது, தேடல் தடைப்பட்டது. போர் முடிந்தபின் ஸ்மித்தும் அவர் மனைவி மார்கரெட்டும் ஆப்பிரிக்கக் கரையோரம் அலைந்தனர். மீனின் படம் பொறித்து, ஆங்கிலம், போர்ச்சுகீசியம், பிரெஞ்சு ஆகிய மும்மொழிகளில் துண்டறிக்கை அச்சிட்டுப் பரப்பினர். பிடித்துக் கொடுப்பவர்க்கு 100 பவுன் பரிசு. கரையோரத்து ஏழை மீனவர்க்கு அது கனவிலும் காணாத தொகை. எரிக் ஹன்ட் என்னும் ஆங்கில வணிகர், பாய்க்கப்பலில் தீவு தீவாகச் சென்று வாணிகம் செய்பவர், அந்த அறிக்கைகளைக் கொமோரோ தீவுகளுக்கு எடுத்துச் சென்றார். மடகாஸ்கருக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே கிடக்கும் அத்தீவுகள் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன.

1952 டிசம்பரில், மீண்டும் கிறிஸ்துமஸை ஒட்டிய நாள்களில், அஞ்சுவான் தீவின் தொமோனி என்னும் ஊரைச் சேர்ந்த மீனவர் அகமதி அப்தல்லா இரவில் தூண்டிலிட்டு ஒரு பெரிய மீனைப் பிடித்தார். மறுநாள் விற்பதற்காகச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அறுத்துத் துண்டு போடும் தறுவாயில் அவ்வூர்ப் பள்ளியாசிரியர் ஒருவர் கண்டு தடுத்தார். சுவரில் ஒட்டியிருந்த அறிக்கையின் படத்தை அவர் ஊன்றிப் பார்த்து வைத்திருந்தார். ஆசிரியப் பெருமக்கள் இப்பகுதியைச் சற்றுப் பெருமிதத்தோடு படிக்கலாம்! தீவின் மறுபக்கம் முத்சமுது துறையில் ஹன்டின் கப்பல் நின்றது. மலைவழியாக மீனைச் சுமந்து அங்குச் சேர்த்தனர். ஹன்ட் உப்பிட்டுக் காத்து, அண்டையிலுள்ள மயோட் தீவுக்குச் சென்று ஃபார்மலின் பெற்று உட்செலுத்தி, ஸ்மித்துக்குத் தந்தி கொடுத்தார்.

பதினான்கு ஆண்டுக்கு முன் நடந்தது ஸ்மித்தின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்தது. இம்முறை ஒரு நாளும் வீணாகக் கூடாதென்று அமைச்சர்களையும் அலுவலர்களையும் நாடினார். விடுமுறைக் காலம், ஒருவரும் அகப்படவில்லை. இறுதியில் இரவு வேளையில் தலைமையமைச்சர் டி. எஃப். மலானோடு தொலைபேசியில் பேசினார். அவர் வான்படை விமானம் ஒன்றைத் தந்தார். ஒரு செத்த மீனுக்காகப் படை விமானம் கடல் கடந்து பறந்தது. டிசம்பர் 29-ஆம் நாள் மயோட்டில் இறங்கிய ஸ்மித், பெட்டியைத் திறந்து மீனைக் கண்டதும் மண்டியிட்டு அழுதார். தாயகம் வடக்கே என்ற தம் கணிப்புப் பலித்த கண்ணீரும் அதில் கலந்திருக்கும்.

நன்றிக்கடனாக அம்மீனுக்கு ‘மலானியா அஞ்சுவானே’ என்று பெயர் வைத்தார். முதுகின் முன் துடுப்பு இல்லாதிருந்தமையால் இது வேறோர் இனம் என்று கருதியதே காரணம். அத்துடுப்பு முன்னொரு காலம் காயத்தால் இழக்கப்பட்டதென்றும், இதுவும் லாட்டிமேரியாவே என்றும் பின்னர்த் தெளிவாயிற்று. நிறவேற்றுமைச் சட்டங்களை இயற்றிய அரசின் தலைவரது பெயர் விலங்கியலிலிருந்து நீங்கியது; காட்சிசாலைப் பெண்மணியின் பெயர் நின்றது. இயற்கைக்கு அரசியல் தெரியாது. எனினும் இதைப் படிக்கையில் நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி உண்டாவதைத் தடுக்க முடியவில்லை.

தம் ஆட்சிக்குட்பட்ட தீவின் மீனை அயலார் விமானத்தில் கொண்டுசென்றது பிரெஞ்சுக்காரர்க்குச் சினமூட்டியது. அடுத்து வந்த ஆண்டுகளில் பிற நாட்டு ஆய்வாளர்க்கு அக்கடலின் கதவு அடைபட்டது. மடகாஸ்கரில் பணியாற்றிய பேராசிரியர் ஜாக் மியோவும் அவர் குழுவினரும் அடுத்தடுத்துக் கிடைத்த மீன்களை அறுத்து ஆராய்ந்து, 1958 முதல் பெருந்தொகுதிகளாக அதன் உடற்கூற்றை வெளியிட்டனர். நுட்பத்தில் அந்நூலுக்கு இணை குறைவு. 1954-இல் ஒரு மீனை உயிரோடு பிடித்து, நீர் நிறைத்த படகில் விட்டுப் பார்த்தனர், மறுநாளே இறந்தது. ஆழத்துக் குளிரில் வாழ்வதற்கு மேற்பரப்பின் வெம்மையும் ஒளியும் நஞ்சாயின. தொடர்ந்து வளர்க்கும் முயற்சி எதுவும் இன்றளவும் வெற்றி பெறவில்லை. ஹன்டின் முடிவு துயரமானது: 1956-இல் அவர் கப்பல் சிதைந்து கடலில் மறைந்துபோனார்.

இனி, இவ்வரலாற்றில் நம்மைப் பெரிதும் சிந்திக்கவைக்கும் பகுதிக்கு வருவோம். கொமோரோ மீனவர்க்கு இம்மீன் புதிதன்று. ‘கொம்பெஸ்ஸா’ என்று அவர்கள் அதற்குப் பெயரிட்டிருந்தனர். ‘நெஸ்ஸா’ என்னும் வேறொரு மீனுக்காக இரவில் நெடிய தூண்டிலை இறக்கும்போது, ஆண்டுக்கு ஒன்றிரண்டாக இதுவும் மாட்டும். இறைச்சியில் எண்ணெய் மிகுதி; சுவை குறைவு; உப்பிட்டு உண்பதுண்டு. சொரசொரப்பான செதிலை மிதிவண்டிச் சக்கரக் குழாயில் ஒட்டுப் போடுமுன் தேய்ப்பதற்குப் பயன்படுத்தினர் என்றும் சொல்வர். பாரிசிலும் இலண்டனிலும் ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டதென எழுதப்பட்ட உயிர், தொமோனிச் சந்தையில் எடைபோட்டு விற்கப்பட்டுக்கொண்டிருந்தது.

அப்படியாயின் ‘கண்டுபிடித்தவர்’ யார்? மீனவரே என்று சொல்லிவிட்டால் எளிதில் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அம்மீன் எக்குலத்தது, எத்தகைய பழமையுடையது என்பதை மீனவர் அறியார். அறிய வேண்டிய தேவையும் அவர்க்கு இல்லை. அறிஞரோ குலத்தை அறிந்திருந்தனர். அது உயிரோடிருப்பதை அறியவில்லை. அறிவு இரு பாதியாய்ப் பிரிந்து, ஒன்று நூலகத்திலும் மற்றொன்று கட்டுமரத்திலும் கிடந்தது. இரண்டையும் இணைத்தவர்கள் நடுவில் நின்றவர்களே: கப்பல்காரரோடு பேசத் தெரிந்த ஒரு காட்சிசாலைப் பெண், சுவரொட்டியைப் படித்து நினைவில் வைத்த ஒரு பள்ளியாசிரியர். மீனவர் நாவில் வழங்கும் பெயர்களைப் படித்தவர்கள் கேட்டு எழுதிவைக்காததால் எத்தனை செய்திகள் இழக்கப்பட்டன என்று எண்ணத் தோன்றுகிறது. தமிழ்க் கடற்கரைகளில் மீன்களுக்கு வழங்கும் பெயர்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவற்றுள் அகராதி ஏறியவை எத்தனை?

இதற்கு நம் அருகிலேயே, மலாய் மொழி வழங்கும் கடலிலேயே ஒரு சான்று கிடைத்தது. 1997 செப்டம்பரில் மார்க் எர்ட்மன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவர் மனைவியும் இந்தோனேசியாவின் சுலாவெசி தீவு வடமுனையில் உள்ள மனாடோ நகரச் சந்தைக்குச் சென்றிருந்தனர். தள்ளுவண்டியில் பெரிய மீன் ஒன்று போவதை மனைவியார் கண்டு கணவர்க்குக் காட்டினார். அது சீலகாந்த் என்று எர்ட்மன் அறிந்துகொண்டார். இக்கடலிலும் அது உள்ளதென்பது முன்பே அறிந்த செய்திதான் போலும் என்று கருதி, ஒளிப்படம் எடுத்துக்கொண்டு மீனை விட்டுவிட்டார். வாங்கியவர் வீட்டு அடுப்புக்கு அது போய்ச் சேர்ந்தது. பின்னரே, கொமோரோவிலிருந்து ஏறத்தாழ 10,000 கிலோமீட்டருக்கு அப்பால் இம்மீன் காணப்பட்டது அதுவே முதன்முறை என்பது தெரியவந்தது. 1938-இல் குடல் குப்பைக்குப் போனது போல 1997-இல் மீன் முழுவதும் குழம்புக்குப் போயிற்று!

எர்ட்மன் விடவில்லை. மாதக்கணக்கில் மீனவர்களை ஊர் ஊராகச் சென்று விசாரித்தார். அவர்களிடையே அதற்குப் பெயர் இருந்தது: ‘ராஜா லாவுட்’. மலாய் மொழியறிந்த நம் வாசகர்க்கு உரை வேண்டா. கடலரசன் என்பது பொருள். 1998 ஜூலை 30-ஆம் நாள் மனாடோ துவா என்னும் எரிமலைத் தீவில் லாமே சோனாதான் என்ற மீனவர் சுறா வலையில் அகப்பட்ட ஒன்றை உயிரோடு கொண்டுவந்தார். அது சாகுமுன் நீந்தும் காட்சி படமாயிற்று. கொமோரோ மீன் நீலம், இது பழுப்பு. புறத்தோற்றத்தில் பிற வேறுபாடு அரிதாயினும், மரபணுவை ஒப்பிட்டபோது இரண்டும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்தவை என்று தெளிந்தது. எர்ட்மன் குழுவினர் ஆய்வை முடிக்குமுன்பே, பிரெஞ்சு அறிஞர் லோரான் பூயோவும் இந்தோனேசிய ஆய்வாளர்களும் 1999-இல் ‘லாட்டிமேரியா மெனடோயென்சிஸ்’ என்று பெயரிட்டு வெளியிட்டுவிட்டனர். அதனால் எழுந்த பூசல் இக்கட்டுரைக்குத் தேவையில்லை. ‘ராஜா லாவுட்’ என்ற பெயர் விலங்கியல் பெயரில் இடம்பெறாமற் போனதே நமக்கு மனக்குறை.

இம்மீனை அதன் வீட்டிலேயே மனிதர் கண்டது 1987 ஜனவரியில். ஜெர்மானிய ஆய்வாளர் ஹான்ஸ் ஃபிரிக்கேயின் குழுவினர் ‘கேயோ’ என்னும் சிறு நீர்மூழ்கியில் கொமோரோ கடலில் இறங்கி, ஏறத்தாழ 200 மீட்டர் ஆழத்தில் அதைப் படம் பிடித்தனர். பகலெல்லாம் எரிமலைக் குழம்பு உறைந்த குகைகளில் கூட்டமாக ஒதுங்கியிருக்கும்; இரவில் வெளிவந்து நீரோட்டத்தோடு மெல்ல மிதந்து இரை தேடும்; சிலபோது தலைகீழாக நின்று அசையாதிருக்கும். பேராழமும் அன்று, பவளப் பாறையின் மேற்பரப்பும் அன்று. ஒயிட்டுக்கும் ஸ்மித்துக்கும் நடந்த வழக்கில் ஸ்மித்தே உண்மைக்கு நெருங்கி நின்றார். 1968-இல் மறைந்த அவர் இக்காட்சியைக் காணவில்லை.

ஒன்றில் மட்டும் ஸ்மித் ஏமாந்தார். கால் போன்ற துடுப்புகளைக் கொண்டு இம்மீன் கடலடியில் நடக்கும் என்று நம்பி, 1956-இல் எழுதிய நூலுக்கு ‘பழைய நாற்காலன்’ என்ற பொருள்படத் தலைப்பிட்டார். ஃபிரிக்கேயின் படங்களில் அது நடக்கவே இல்லை. ஆயினும் வியப்பு ஒன்று உண்டு. நீந்தும்போது வலப்பக்க முன் துடுப்பும் இடப்பக்கப் பின் துடுப்பும் ஒருங்கே அசைகின்றன. பிறகு மற்றை இரண்டும் அசைகின்றன. மாடு நடப்பதை நினைவிற்கொண்டால் இதன் பொருள் விளங்கும். நிலத்து விலங்குகளின் நேர்முன்னோர் இம்மீன் என்று ஒருகாலத்தில் இதழ்கள் எழுதியதும் பொருந்தாது. 2013-இல் இதன் மரபணுத் தொகுதி முழுவதும் வெளியிடப்பட்டது; நுரையீரல் மீன்களே நமக்கு இன்னும் நெருங்கிய உறவு என்று அவ்வாய்வு காட்டிற்று. சீலகாந்த் நமக்குப் பாட்டனார் ஆகார். பாட்டனாரின் தாயாதி என்று சொல்லலாம்.

‘உயிருள்ள புதைபடிவம்’ என்று இதனை அழைப்பது வழக்கமாகிவிட்டது. கவர்ச்சியான தொடர், ஆனால் மாணவர்க்குக் கற்பிக்கையில் கவனம் வேண்டும். பாறையில் கிடைத்த இனங்களில் ஒன்றுகூட இன்று உயிரோடில்லை. இன்றுள்ளவை அக்குலத்தின் வேறு இனங்கள், முன்னோரைவிடப் பெரியவை, வாழிடத்தாலும் வேறுபட்டவை. புரதங்களை ஆக்கும் மரபணுக்கள் இதனிடம் மெதுவாக மாறியுள்ளன என்பது உண்மை. மெதுவாக மாறுதல் வேறு; மாறாதிருத்தல் வேறு.

இதன் வாழ்க்கையும் மெதுவானதே. 1975-இல் நியூயார்க் காட்சிசாலையில் ஒரு பெண் மீனை அறுத்தபோது உள்ளே ஐந்து குஞ்சுகள் இருந்தன. முட்டையிடாமல் குட்டி ஈனும் மீன் என்று அப்போதுதான் உறுதியாயிற்று. 1991-இல் மொசாம்பிக் கரையில் கிடைத்த ஒன்றின் வயிற்றில் 26 குஞ்சுகள். 2021-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள், மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணுவது போலச் செதிலின் நுண்வரிகளை எண்ணிப் பார்த்து, இம்மீன் நூறாண்டு அளவு வாழக்கூடும் என்றும், பருவமெய்த ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆகுமென்றும், சூல் ஐந்தாண்டுகள் நீடிக்கலாம் என்றும் கணித்தனர். 1938-இல் நெரீன் கப்பலின் வலைக்குத் தப்பிய இளமீன் ஏதேனும் இருந்திருப்பின், அஃது இன்றும் அக்கடலில் உலவிக்கொண்டிருத்தல் கூடும். லாட்டிமர் அம்மையாரும் நெடுநாள் வாழ்ந்தவரே; 2004-இல், 97 வயதில் மறைந்தார். அதற்கு நான்காண்டு முன், 2000-இல், தென்னாப்பிரிக்காவின் சொட்வானா விரிகுடாவில் முக்குளிப்போர் சிலர் 100 மீட்டரை ஒட்டிய ஆழத்தில் உயிருள்ள சீலகாந்துகளைக் கண்டனர். மீண்டும் சென்று படமெடுத்து மீள்கையில் அவர்களுள் ஒருவர் உயிரிழந்தார்.

ஐம்பது ஆண்டு காத்திருந்து ஈனும் உயிருக்கு, ஆண்டுக்குச் சில மீன் அகப்பட்டாலும் அது பேரிழப்பு. அனைத்துலக வாணிகத்தில் இதனை விற்பதும் வாங்குவதும் தடை செய்யப்பட்டுள்ளன. எனினும் மீனவர் எவரும் இதை விரும்பிப் பிடிப்பதில்லை. வேறு மீனுக்கு விரித்த வலையில் இது மாட்டுகிறது. தான்சானியாவில் 2003-க்குப் பின், ஆழத்தில் விரிக்கும் சுறா வலைகளில் பல பத்து மீன்கள் இவ்வாறு மடிந்தன. அந்நாட்டரசு 2009-இல் தாங்கா நகரை ஒட்டிய கடற்பகுதியை இம்மீனின் பெயராலேயே காப்பிடமாக அறிவித்தது. அக்கரையில் வாழும் மீனவர் குடும்பங்களுக்கு வலைதான் சோறு. ஆழத்தில் வலை விரிப்பதை விடச் சொல்பவர்கள், அதற்கு ஈடாக எந்த நீரில், எந்த மீனைப் பிடிக்கலாம் என்பதையும் அவர்களோடு இருந்து பேசியாக வேண்டியிருக்கிறது.